கறையைக் கரை என்று கேட்ட காது: ஹெட்போன் விலை பற்றி ஒரு மறுப்பு

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், என் பையிலிருந்து 700 ரூபாய் இயர்போன் ஒன்று வெளியே விழுந்தது. அருகிலிருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டார்: "இதை வைத்துக்கொண்டா தம்பி, கள ஒலிப்பதிவுகளையெல்லாம் எழுத்தில் பெயர்க்கிறீர்கள்? ஆய்வென்று வந்துவிட்டால் கருவிக்குக் கொஞ்சம் செலவு செய்ய வேண்டாமா?" சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, இடமும் அதற்குரியதன்று. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருந்த நம்பிக்கை தவறானது. அந்தத் தவறு என் ஆய்வையே ஒருமுறை கெடுத்திருக்கிறது. ஆகவே இந்த நீண்ட பதிவு. இது பாதி மறுப்பு, பாதி ஒப்புதல் வாக்குமூலம்.

முதலில் ஒப்புதல்.

என் களம் பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் ஒட்டிய எல்லைக் கிராமங்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு களியக்காவிளையில் விழுந்தது. பாட்டு கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. வில்லும் குடமும் உடுக்கையும் இருபுறமும் ஒலித்தன. இரவிக்குட்டிப் பிள்ளையின் போர் இங்கே கதைப்பாடல், அங்கே 'தெக்கன் பாட்டு'. தமிழென்றும் மலையாளமென்றும் பிரித்துவிட முடியாத ஒரு மொழி அதற்குள் இருக்கிறது. அந்த மொழியின் ஒலிகளைப் பதிவு செய்து, சொல் பிசகாமல் எழுத்தில் பெயர்ப்பதுதான் என் வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் பாறசாலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கோயில் கொடையின்போது முதிய அண்ணாவி ஒருவர் பாடிய வில்லுப்பாட்டை ஒரு கைப்பதிவுக் கருவியில் பதிந்துகொண்டேன். நான் அவரைப் பாட்டா என்றுதான் அழைப்பேன். எண்பதைத் தாண்டிய குரல். ஆனாலும் சொல் தெளிவு. விடியும்வரை பாடினார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் காலமானார். எஞ்சியது பதிவு மட்டும்.

அந்தச் சமயத்தில் வளைகுடாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கொரு பரிசு கொண்டுவந்தார். கம்பியற்ற, புற இரைச்சலை அழிக்கும் ஹெட்போன். நம் பணத்தில் 18,000 ரூபாய். அதைத் தலையில் மாட்டிக்கொண்டு நான் பாட்டாவின் பாட்டைப் பெயர்த்தேன். கதையின் முக்கியமான கட்டத்தில் இரு சொற்கள் வந்தன. 'கரை மாறவில்லை' என்று எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை. ஆற்றின் கரை, நாட்டின் கரை, 1956இன் கோடு, கோடு மாறினாலும் கரை மாறாத மக்கள் என்று ஒரு வாதத்தை எழுப்பி, நான்கு பக்கங்கள் விரித்துக் கட்டுரையாக வெளியிட்டேன். பாராட்டும் வந்தது.

ஓராண்டு கழித்துப் பாட்டாவின் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அப்பாவின் குரலைக் கேட்க வேண்டுமென்று அக்கா ஆசைப்பட்டார். என் ஹெட்போனில் மின்சேர்ப்பு தீர்ந்திருந்தது. களியக்காவிளைக் கடையொன்றில் வாங்கிப் பையில் போட்டிருந்த 700 ரூபாய்க் கம்பி இயர்போனைக் கைப்பேசியில் செருகிக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும், நான் பெருமையாக என் கட்டுரையின் விளக்கத்தைச் சொன்னேன். அவர் ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "கரை இல்ல தம்பி, கறையாக்கும். சோரக் கறை. அப்பா அதையாக்கும் பாடினது."

இரத்தக் கறை மாறவில்லை. கொல்லப்பட்டவனின் இரத்தம் கழுவக் கழுவப் போகவில்லை என்பதே கதை. ஆறும் இல்லை, எல்லையும் இல்லை. ஒரு கொலை, மறையாத ஒரு சாட்சி. நான் அந்தச் சாட்சியைத் துடைத்துவிட்டு, அதன்மேல் என் அரசியலை எழுதியிருந்தேன்.

அதே இயர்போனில் நானும் கேட்டேன். ஐயத்துக்கு இடமில்லாமல் 'கறை'. அக்கா சொல்லிவிட்டதால் அப்படிக் கேட்கிறதோ என்ற சந்தேகம் எழுந்தது, எழ வேண்டியதுதான். எனவே அறைக்குத் திரும்பியதும் அந்த ஒலித்துண்டைப் பிராட் மென்பொருளில் ஏற்றி அலைவரிசைப் படத்தைப் பார்த்தேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்க்கும் உருவாக்கிய இம்மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நாக்கு அண்ணத்தை ஒருமுறை தொட்டு விலகினால் ஒரு வெட்டு தெரியும். இங்கே இரண்டு வெட்டுகள் தெளிவாக இருந்தன. வல்லின றகரம். பாட்டா சரியாகத்தான் பாடியிருந்தார்.

பின் என்ன நடந்தது? 18,000 ரூபாய்க் கருவியில் ஏன் கேட்கவில்லை? இங்கேதான் என் மறுப்பு தொடங்குகிறது.

வில்லுப்பாட்டில் குடம் என்பது வெறும் தாளக் கருவியன்று. பானையின் வாயில் பட்டையால் அடிக்கும்போது எழும் அந்த ஆழ்ந்த 'தும்' கதையின் கனத்தைத் தாங்குவது. பாட்டா உணர்ச்சி மிகும் சொல்லில்தான் குடக்காரர் ஓங்கி அடிப்பார். 'கறை' என்ற சொல்லின்மேலும் அப்படியோர் அடி விழுந்திருந்தது. என் விலையுயர்ந்த ஹெட்போனோ, கனத்த ஒலிகளைப் பல மடங்கு தூக்கிக் கொடுக்கும்படி ஆலையிலேயே சுருதி செய்யப்பட்டது. கேட்பியலில் நன்கறியப்பட்ட உண்மை ஒன்றுண்டு: உரத்த தாழ்ந்த ஒலி, தனக்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளைக் காதுக்குள்ளேயே மறைத்துவிடும். தாழ்ந்தது உயர்ந்ததை மறைக்கும் அளவுக்கு, உயர்ந்தது தாழ்ந்ததை மறைப்பதில்லை. நம் பேச்சில் மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் குறிப்புகள் பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கின்றன. ரகரத்தின் தெளிந்த சாயலையும் றகரத்தின் இருண்ட சாயலையும் பிரிப்பது ஏறக்குறைய ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்ட பகுதி. நாவை வளைத்து ஒலிக்கும் ழகரத்தின் அடையாளமும் அதை ஒட்டிய பகுதியில்தான். குடத்தின் அடியை ஊதிப் பெரிதாக்கினால் ஏழு ஏளு ஆகும். கறை கரை ஆகும்.

என் பங்கையும் மறைக்க மாட்டேன். எனக்குக் 'கரை' வேண்டியிருந்தது. கருவி மங்கலாக்கிய இடத்தை ஆசை நிரப்பிக்கொண்டது. ஆனால் தெளிவாகக் கேட்டிருந்தால் அந்த ஆசைக்கு நுழைய வழியே இருந்திருக்காது.

இனி, நான் மறுக்க விரும்பும் கூற்றுகள் மூன்று.

முதற்கூற்று: விலை கூடினால் ஒலி கூடும். இதை நம்பாதவர் அரிது. இதற்கு ஆதாரமும் அரிது. 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அலைவரிசை அளவீடுகளை அவற்றின் சில்லறை விலையோடு ஒப்பிட்டு, அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். விலைக்கும் அலைவரிசைப் பண்புக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே கட்டுரையின் தலைப்பும் முடிவும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவினரும், கேட்பவருக்குப் பெயரும் விலையும் தெரியாமல் மறைத்துவைத்துப் பல ஆண்டுகள் சோதனைகள் நடத்தினர். பெரும்பாலான கேட்பவர்கள், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும், ஏறத்தாழ ஒரே வகை ஒலிச் சமநிலையையே விரும்பினர். அந்தச் சமநிலை இரகசியம் அன்று, அச்சிடப்பட்டுவிட்டது. அதை ஒட்டிச் செய்ய ஒரு சிறு உற்பத்தியாளருக்கும் இன்று முடிகிறது.

அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? கம்பியின்மைக்கு, மின்கலத்துக்கு, இரைச்சலழிப்புச் சில்லுக்கு, காது மெத்தையின் மென்மைக்கு, மடக்கும் கீலின் உறுதிக்கு, விளம்பரத்தில் நிற்கும் நட்சத்திரத்துக்கு. இவற்றுள் சில உண்மையான பயன்கள். கடைசியானது தவிர எதையும் நான் பழிக்கவில்லை. ஆனால் 'நல்ல ஒலி' என்ற ஒரே பெயரில் இவையனைத்தையும் சேர்த்து விற்பது நேர்மையன்று. வாங்குபவர் தாம் எதற்குப் பணம் தருகிறோம் என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

இரண்டாம் கூற்று: எல்லாம் ஒன்றுதான், காதில் ஏதோ கேட்டால் போதும். முதற்கூற்றை மறுப்பவர்கள் சறுக்கி விழும் குழி இது. விலை வழிகாட்டாது என்பதற்கு வேறுபாடே இல்லை என்று பொருளில்லை. வேறுபாடு மிகப் பெரிது. அது விலைச்சீட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். 600 ரூபாயில் குப்பையும் உண்டு, மாணிக்கமும் உண்டு. 20,000 ரூபாயிலும் அப்படியே. ஆகவேதான் தேர்வு தேவைப்படுகிறது.

மூன்றாம் கூற்று யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. ஆனால் அந்தத் தேநீர்ச் சிரிப்பில் நான் கேட்டது அதைத்தான். நல்ல ஒலி கேட்பது வசதி படைத்தவர்களின் இரசனை. நம்மவர்களுக்குச் சத்தம் போதும். என் களத்துக்கு வந்து பாருங்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரப்பர் வெட்டப் போகிறவர் ஒரு காதில் இயர்போனோடுதான் மரத்துக்கு மரம் நடக்கிறார். தனுவச்சபுரத்தில் ஏறித் திருவனந்தபுரத்தில் இறங்கும் பயணிகள் வண்டியில் கல்லூரிப் பிள்ளைகளும் கடைச் சிப்பந்திகளும் காதில் பாட்டோடுதான் நிற்கிறார்கள். ஒரு நாளில் இவர்கள் இசை கேட்கும் நேரம், ஓசை புகாத அறையில் ஆயிரங்களைக் கொட்டி உட்கார்ந்திருக்கும் இரசிகர் கேட்கும் நேரத்தைவிடக் கூடுதல். நல்ல ஒலி யாருக்கு அதிகம் தேவை?

ஹெட்போனின் பிறப்பையும் நினைவுபடுத்துகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் உருவாக்கியதைத்தான் 1910இல் அந்நாட்டுக் கடற்படை வாங்கத் தொடங்கியது. மெல்லிய குறிப்பொலிகளைத் தவறவிடாமல் கேட்பதற்கான உழைப்பாளியின் கருவி அது. இசை இரசிகருக்கான இரட்டைத்தட ஹெட்போனை ஜான் காஸ் 1958இல்தான் கொண்டுவந்தார். தெருவில் நடந்துகொண்டே கேட்கும் பழக்கம் 1979இல் சோனி வாக்மேனோடு வந்தது. ஆடம்பரப் பொருளாக ஆனது பிற்பாடு.

இனி, கைக்காசுக்கு ஏற்றபடி எதைத் தேர்வது? நான் கடைக்காரன் அல்லன். என் காதால் பட்டறிந்ததையும் அளவீடுகளில் படித்ததையும் சொல்கிறேன். விலைகள் ஏறி இறங்கும். ஆகவே தோராயமாகவே கொள்க.

கையில் 500 முதல் 1,000 ரூபாய் வரைதான் இருக்கிறதா? கம்பி இயர்போன் மட்டுமே வாங்குங்கள். இந்த விலையில் கம்பியற்றதை வாங்கினால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி மின்கலத்துக்கும் வானலைச் சில்லுக்கும் பெட்டிக்கும் போய்விடும்; ஒலிக்கு மிஞ்சுவது சொற்பம். அட்டைப்பெட்டியில் 'கூடுதல் பாஸ்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் அது உங்களுக்கான எச்சரிக்கை. கைப்பேசியில் பழைய வட்டத்துளை இல்லையென்றால், டைப்-சி முனையில் செருகும் சிறு இணைப்பி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது.

2,000 ரூபாய் வரை போக முடியுமானால், நீங்கள் இந்த யுகத்தின் பாக்கியசாலிகள். 2022இல் வந்த மூன்டிராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் சீரோ போன்ற சிறு கம்பி இயர்போன்கள், முன்பு பல மடங்கு விலையில் மட்டுமே கிடைத்த சமநிலையை இந்த விலைக்குக் கொண்டுவந்துவிட்டன. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் பேச்சைப் பெயர்த்தெழுத இதற்குமேல் கட்டாயம் தேவையென்று எதுவும் இல்லை என்பது என் துணிபு.

5,000 முதல் 12,000 வரை என்றால், தலையில் மாட்டும் ஒலிப்பதிவுக்கூட ஹெட்போன்களைப் பாருங்கள். 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506 இன்றும் ஒலிப்பதிவாளர்களின் தலையில் இருக்கிறது, 63 ஓம் மின்தடை, நல்ல உணர்திறன், கைப்பேசியிலேயே பாடும். கொஞ்சம் கூர்மையான ஒலி. இளைப்பாற அல்ல, பிழை காண்பதற்கானது. நீண்ட நேரம் பெயர்த்தெழுதுபவருக்குக் காதின் துளைக்குள் எதுவும் நுழையாமல் இருப்பதே பெரிய ஆறுதல்.

அதற்குமேல் செலவிட வசதியிருந்தால் தாராளமாகச் செலவிடுங்கள். நான் பொறாமைப்படுவேனே தவிரப் பழிக்க மாட்டேன். ஆனால் ஒன்றை அறிந்து வாங்குங்கள். 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 புகழ்பெற்றது. ஆனால் அதன் மின்தடை 300 ஓம். வெறும் கைப்பேசியில் செருகினால் போதிய உரப்பு வராது. தனியே ஒரு பெருக்கி வேண்டும். முதுகு திறந்த அமைப்பு என்பதால் வெளி இரைச்சலும் உள்ளே வரும். அமைதியான அறை இருப்பவருக்கான பொருள் அது. தேசிய நெடுஞ்சாலை ஓரத்து வீட்டில் இருப்பவர் அதை வாங்கினால், பணம் லாரிச் சத்தத்தில் கரைந்துவிடும்.

எந்த விலையானாலும் மூன்று சோதனைகள். ஒன்று, இரப்பர் முனையின் அளவு. பெட்டியோடு வரும் மூன்று அளவுகளையும் மாற்றிப் பார்க்காமல் எந்த இயர்போனையும் பழிக்காதீர்கள்; முனை காதை அடைக்கவில்லையென்றால் கனத்த ஒலி முழுதும் வெளியேறிவிடும், எல்லாம் தகரமாகக் கேட்கும். இரண்டு, உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு மனிதக் குரலைக் கேளுங்கள். அம்மாவின் குரலஞ்சல் போதும். அது அம்மாவின் குரலாகவே கேட்கிறதா, பானைக்குள்ளிருந்து வருகிறதா, மூக்கால் வருகிறதா? மூன்று, தாளம் ஓங்கும் இடத்தில் சொல் தெளிவாக இருக்கிறதா?

அந்த இரண்டாவது, மூன்றாவது சோதனைகளுக்கு எங்கள் மண்ணே இரு குரல்களைத் தந்திருக்கிறது. ஒருவர் பாறசாலை பி. பொன்னம்மாள். பாறசாலையில் தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர். திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த வழக்கம், 2006இல் எண்பதைக் கடந்த அவர் அங்கே அமர்ந்து பாடியபோது முடிவுக்கு வந்தது. 2021இல் மறைந்தார். மற்றவர் நெய்யாற்றின்கரை வாசுதேவன். செம்மங்குடியாரிடம் பயின்றவர், திருவனந்தபுரம் வானொலியில் பணியாற்றியவர், 2004இல் பத்மஸ்ரீ பெற்றவர், 2008இல் காலமானவர். இருவரின் பதிவுகளும் இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. பொன்னம்மாளின் அவசரமற்ற விளம்ப காலத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் அந்த இடைவெளியைக் கேளுங்கள். முதுமையின் நடுக்கம் எங்கே முடிகிறது, கமகம் எங்கே தொடங்குகிறது என்பது நல்ல இயர்போனில் தெரியும். கெட்டதில் இரண்டும் ஒன்றாகிவிடும். வாசுதேவனின் கனத்த குரல் மிருதங்கத்தின் தொப்பியோடு கலந்து மங்கினால், அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் 700 ரூபாய் இயர்போனில் இவ்விருவரையும் கேட்டு அடைந்த இன்பத்தை எந்த விலைப்பட்டியலும் குறைத்துவிட முடியாது.

எதிர்வாதங்களையும் எதிர்கொள்கிறேன். இரைச்சலழிப்பு பயனற்றதா? இல்லை. பயணிகள் வண்டியிலும் அரசுப் பேருந்திலும் வெளி இரைச்சலை வெல்ல நாம் உரப்பைக் கூட்டுகிறோம், கேடு அங்கேதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பானது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 90 டெசிபலில் வாரம் வெறும் 4 மணி நேரம். உலகெங்கும் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் இவ்வகையில் கேட்கும் திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக அதே நிறுவனம் எச்சரிக்கிறது. உரப்பைக் கூட்டாமல் கேட்க உதவும் எதுவும் நல்லதே. இரைச்சலழிப்பு அதைச் செய்கிறது. காதை நன்கு அடைக்கும் 700 ரூபாய் இயர்போனும் ஓரளவு செய்கிறது. ஆனால் சாலையில் நடக்கும்போது இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

கனத்த ஒலியை விரும்புவது தவறா? தவறே இல்லை. அந்த ஹார்மன் சோதனைகளிலேயே கேட்பவர்கள் ஓரளவு கூடுதல் கனத்தை விரும்பினார்கள். உப்பு வேண்டும், உப்பே குழம்பாகக் கூடாது. திருவிழாவில் செண்டையைக் கேட்க ஒரு கருவி, பாட்டாவின் சொல்லைக் கேட்க ஒரு கருவி என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை. முந்தையதை வைத்துக்கொண்டு பிந்தையதைச் செய்ததுதான் என் பிழை.

கம்பியற்றதன் வசதி? உண்டு. அதன் ஆயுள்? அந்தச் சிறு இலித்தியம் கலங்கள் சில ஆண்டுகளில் தளரும். பெரும்பாலானவற்றில் மாற்ற வழியில்லை. ஒலிக்கும் உறுப்பு பழுதின்றி இருக்க, முழுக் கருவியும் குப்பைக்குப் போகிறது. பயனரே மின்கலத்தைக் கழற்றி மாற்றக் கூடியதாகக் கையடக்கக் கருவிகள் இருக்க வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி செய்து, 2027 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. நம் நாட்டில் அத்தகைய விதி வரும்வரை, பிரித்து மாற்றக்கூடிய கம்பியுள்ள இயர்போனே ஏழையின் நீண்டகால முதலீடு.

அந்த மூத்த ஆய்வாளருக்கு இறுதியாகச் சில சொற்கள். ஐயா, கருவிக்குச் செலவு செய்ய வேண்டும் என்று நீங்கள் சொன்னது முழுப் பொய்யன்று. எதற்கென்று அறிந்து செலவு செய்ய வேண்டும். நாட்டார் வழக்காற்றியல் கற்பிக்கும் ஒவ்வொரு துறையும் இரண்டு நல்ல கம்பி ஹெட்போன்களை வாங்கிக் கள மாணவர்களுக்கு இரவல் கொடுக்கட்டும். ஒரு கருத்தரங்கின் வரவேற்புப் பலகைக்கு ஆகும் செலவுகூட ஆகாது. எந்தக் கருவியில் கேட்டுப் பெயர்த்தோம் என்பதை ஆய்வேட்டில் ஒரு வரியில் எழுதும் வழக்கமும் வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்த்ததைப் பாடியவரிடமோ அவர் வீட்டாரிடமோ திரும்பக் கொண்டுபோய்க் கேட்கவைக்கும் வழக்கம் வரட்டும். பிராட் காட்டிய இரண்டு வெட்டுகளை, பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பெண் எனக்கு முன்பே கேட்டுவிட்டார். கருவி அவருக்கு உதவியது. கேட்டது அவர் காது.

என் கட்டுரையின் பிழைதிருத்தத்தை அந்த இதழுக்கு அனுப்பிவிட்டேன். அந்த நான்கு பக்க வாதத்தையும் திரும்பப் பெறுகிறேன். பாட்டாவின் முழுப் பதிவையும் முதலிலிருந்து மறுபடி கேட்டு வருகிறேன். வேறு சில இடங்களிலும் திருத்தங்கள் விழுந்திருக்கின்றன. அது முடிந்ததும் பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, அந்த 700 ரூபாய் இயர்போனையும் சேர்த்து அக்காவிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோட்டுப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஒலிநாடாக்கள் இருக்கும். கொடையில் பாடிய ஒரு பாட்டாவின் குரலோ, தாலாட்டிய ஒரு பாட்டியின் குரலோ அதற்குள் இருக்கும். நாடா சிதையுமுன் எடுத்துக் கேளுங்கள். நல்ல இயர்போனில் கேளுங்கள். அருகில் வீட்டுப் பெரியவரை உட்கார்த்தி, ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்துக் கேளுங்கள். கேட்டது சரிதானா என்று அவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.